வாழ்வோரை நோக்கிய வழி

போலந்து நாட்டின் தென்பகுதியில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று கிராக்கோவ், பழைய போலந்து மன்னர்கள் முடிசூடி அரசாண்ட பெருநகர். மற்றொன்று, அதற்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஓஷ்வியென்சிம் என்னும் சிற்றூர். இந்தப் பெயரை நம்மில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டோம். ஆனால் ஜெர்மானியர் அவ்வூருக்கு வழங்கிய பெயரைச் சொன்னால் உலகமே திடுக்கிடும். அப்பெயர் ஆஷ்விட்ஸ்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே, 2014ஆம் ஆண்டு தொடங்கி, கோடைக்காலத்தில் ஒரு மிதிவண்டிப் பயணம் நடைபெற்று வருகிறது. பல நாடுகளிலிருந்து வந்து கூடும் ஆடவரும் பெண்டிரும், இளைஞரும் முதியோரும் அதில் கலந்துகொள்கின்றனர். யூதர் வருகின்றனர், யூதரல்லாதாரும் வருகின்றனர். ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனாவ் முகாமின் வாயிலில் புறப்பட்டு, சிறு பாதைகளின் வழியே சுற்றிச் சென்று, தொண்ணூறு கிலோமீட்டர் அளவில் வண்டி மிதித்து, மாலையில் கிராக்கோவ் நகரின் யூத சமூக நிலையத்தை அடைகின்றனர். பயணம் ஒரு நாளில் முடிந்தாலும், அதையொட்டிய நிகழ்ச்சிகள் நான்கைந்து நாட்கள் நீடிக்கின்றன. ஒவ்வொருவரும் தம் நண்பரிடமும் உறவினரிடமும் நன்கொடை திரட்டித் தருகின்றனர். அத்தொகை கிராக்கோவில் இன்று வாழும் யூத சமூகத்தின் நற்பணிகளுக்குச் செல்கிறது. இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘வாழ்வோருக்கான பயணம்’ என்பது.

இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பயணத்தின் திசையிலேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் மக்களை மரணத்துக்கு ஏற்றிச் சென்ற வண்டிகள் ஆஷ்விட்ஸை நோக்கி ஓடின. இந்த மிதிவண்டிகளோ அங்கிருந்து விலகி, மனிதர் வாழும் ஓர் ஊரை நோக்கி ஓடுகின்றன. இத்திசை மாற்றத்தின் பொருளை உணர வேண்டுமானால், அந்த ஊரில் யார் வாழ்ந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும். போலந்து நாட்டு யூதர் எவ்வாறு இறந்தனர் என்பதைப் பாட நூல்களில் படித்திருக்கிறோம். அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் படித்தவர் மிகச் சிலரே. ஒரு மக்களினத்தை அதன் பகைவர் செய்த கொடுமையைக் கொண்டே அறிந்திருப்பது முழுமையான அறிவு ஆகாது.

ஆகவே தொடக்கத்திலிருந்து தொடங்குவோம். ஐரோப்பாவின் மேற்கு நாடுகளில் யூதர் துன்புறுத்தப்பட்டும் நாடு கடத்தப்பட்டும் அலைந்த காலத்தில், போலந்து அவர்களுக்குப் புகலிடம் தந்தது. 1264ஆம் ஆண்டில், அந்நாட்டின் ஒரு பகுதியை ஆண்ட போலெஸ்லாவ் என்னும் சிற்றரசர் அவர்களுக்கு உரிமைச் சாசனம் ஒன்றை வழங்கினார். யூதரின் உயிருக்கும் உடைமைக்கும் வழிபாட்டுக்கும் அது காப்பளித்தது. 1334ஆம் ஆண்டில் மூன்றாம் காசிமிர் மன்னர் அச்சாசனத்தை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டிலேயே அவர் கிராக்கோவுக்கு அருகில், விஸ்துலா ஆற்றங்கரையில், தம் பெயரால் காசிமியெஷ் என்னும் புதிய நகர் ஒன்றை நிறுவினார்.

இந்த நிலை என்றும் ஒரே சீராக இருந்ததில்லை. 1494ஆம் ஆண்டில் கிராக்கோவில் பெருந்தீ ஒன்று மூண்டது. பழி யூதர் மீது விழுந்தது. மறு ஆண்டில் யான் ஓல்பிராக்ட் மன்னர் அவர்களைக் கிராக்கோவினின்றும் காசிமியெஷுக்கு இடம்பெயரச் செய்தார். தண்டனையாக வாய்த்த அவ்விடத்தையே அவர்கள் கல்விக்கூடமாக மாற்றிக்கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே மோசஸ் இசர்லெஸ் என்னும் பேரறிஞர் தோன்றினார். அக்காலத்தில் யோசேப்பு காரோ என்னும் அறிஞர், யூதர் அன்றாட வாழ்வில் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைத் தொகுத்து, ‘விரித்து வைத்த மேசை’ எனப் பொருள்படும் பெயருடைய நூல் ஒன்றை இயற்றியிருந்தார். அதில் கீழைநாட்டு யூதரின் வழக்கங்களே மிகுதியாக இடம்பெற்றன. போலந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் வாழ்ந்த யூதரின் வழக்கங்களை இசர்லெஸ் உரைக்குறிப்புகளாக எழுதிச் சேர்த்தார். அவ்வுரைக்கு அவர் இட்ட பெயர் ‘மேசை விரிப்பு’. பிறர் விரித்த மேசையைத் தள்ளாமல், அதன் மேல் தம் துணியை விரித்த அப்பணிவு எண்ணி மகிழத் தக்கது. 1572ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் ரேமு தொழுகைக் கூடமும், அதனை ஒட்டிய இடுகாட்டில் அவரது கல்லறையும் இன்றும் காசிமியெஷில் உள்ளன.

அண்மை நூற்றாண்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பெண் கல்வியில் கருத்துடையோர் இதை மறக்கக் கூடாது. சாரா ஷெனிரர் என்னும் தையற்காரப் பெண்மணி கிராக்கோவில் வாழ்ந்தார். பழமை பேணும் யூதக் குடும்பங்களில் ஆண்மக்களுக்குச் சமய நூற்பயிற்சி உண்டு. பெண்மக்களுக்கு முறையான சமயப் பள்ளி இல்லை. தம்மிடம் ஆடை தைக்க வந்த பெண்களின் உடலுக்கு அளவாகத் துணி வெட்டியவர், அவர்களின் அறிவுக்கு அளவான கல்வி ஏதும் இல்லையே என்று வருந்தினார். 1917ஆம் ஆண்டில் 25 சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். ‘பெய்ஸ் யாக்கோவ்’ என்னும் அப்பள்ளி கிளை விட்டுப் படர்ந்தது. ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியும் கிராக்கோவில் எழுந்தது. 1935ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, பல நாடுகளில் பல்லாயிரம் பெண்கள் அப்பள்ளிகளில் பயின்றுகொண்டிருந்தனர்.

1939ஆம் ஆண்டில் கிராக்கோவின் மக்கள் தொகை ஏறத்தாழ 2,50,000. அவர்களுள் 60,000 பேருக்கு மேற்பட்டோர் யூதர். அதாவது நால்வரில் ஒருவர். வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், தச்சர், தையற்காரர், ஓவியர், மாணவர் என்று எல்லாத் துறைகளிலும் அவர்கள் இருந்தனர். ஓஷ்வியென்சிமிலோ மக்களுள் பாதிப் பேருக்கு மேல் யூதராகவே இருந்தனர். மரணத்தின் மறுபெயராகிவிட்ட அந்த ஊர், அதற்கு முன்னர்ப் பல நூற்றாண்டுகள் யூதக் குடும்பங்கள் சந்தைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, விழாக் கொண்டாடி வாழ்ந்த ஊர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மானியப் படை போலந்தின் மீது பாய்ந்தது. செப்டம்பர் 6ஆம் நாள் கிராக்கோவ் வீழ்ந்தது. பிறகு நடந்தவை படிப்படியாக நடந்தன. இதனை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் கையில் அடையாளப் பட்டை அணிவித்தனர். அடுத்துத் தொழிலையும் உடைமையையும் பறித்தனர். பெரும்பாலோரை நகரை விட்டு வெளியேற்றினர். 1941ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், ஆற்றுக்கு அப்பால் போட்குஷே என்னும் பகுதியில் அடைப்புக் குடியிருப்பு ஒன்றை ஏற்படுத்த ஆணையிட்டனர். முன்னர் 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் 15,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டனர். 1942ஆம் ஆண்டில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் பெல்ஜெட்ஸ் கொலைக்களத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு மார்ச் 13, 14 ஆகிய நாட்களில் குடியிருப்பே அழிக்கப்பட்டது. உழைக்க வல்லாரை அருகிலிருந்த பிளாஷோவ் முகாமுக்கு ஓட்டிச் சென்றனர். எஞ்சியோருள் பலரைத் தெருவிலேயே சுட்டுக் கொன்றனர். மற்றவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினர்.

மிதிவண்டியைப் பற்றிப் பேசுகின்ற நாம் இங்கே ஒன்றை அறிந்துகொள்ளுதல் நலம். 1942ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மனியிலும், அதன் பிடியிலிருந்த நெதர்லாந்திலும் யூதர் தம் மிதிவண்டிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஒரு மிதிவண்டியைப் பறிப்பதால் ஓர் அரசுக்கு என்ன பெரும் பயன்? ஏழையின் ஊர்தி அது. தானே மிதித்து, தான் விரும்பிய திசையில், பிறர் தயவின்றிச் செல்ல அவனுக்கு உதவுவது. அதைப் பறித்தால் அவன் தன் தெருவுக்குள் சிறைப்பட்டவன் ஆகிறான். பெருங்கொலைக்கு முன்னே இத்தகைய சிறு பறிப்புகள் வரிசையாக நடந்தன. இதை அறிந்தவர்க்கு, யூதர் ஒருவர் ஆஷ்விட்ஸ் வாயிலில் மிதிவண்டி ஏறித் தாம் விரும்பிய வழியே செல்வது எத்தகைய காட்சி என்பது விளங்கும்.

ஆஷ்விட்ஸ் முகாம் 1940ஆம் ஆண்டில் போலந்துக் கைதிகளுக்கெனத் தொடங்கப்பட்டது. பின்னர் ஐரோப்பா முழுவதிலுமிருந்து இருப்புப்பாதை வழியே கொணரப்பட்ட யூதரைக் கொல்லும் ஆலையாக வளர்ந்தது. அங்கே ஏறத்தாழ 11 இலட்சம் மக்கள் மாண்டனர். அவர்களுள் பத்து இலட்சம் பேர் யூதர். போலந்து மக்களும் ரோமா மக்களும் சோவியத் போர்க்கைதிகளும் பிறரும் எஞ்சியோர். 1945ஆம் ஆண்டு ஜனவரியில் செஞ்சேனை நெருங்கி வந்தபோது, நாஜிகள் ஏறத்தாழ 60,000 கைதிகளைக் கொட்டும் பனியில் மேற்கு நோக்கி நடத்திச் சென்றனர். வழியில் விழுந்தவரைச் சுட்டனர். ஜனவரி 27ஆம் நாள் செஞ்சேனை முகாமை அடைந்தபோது உயிரோடு இருந்தோர் ஏறத்தாழ 7,000 பேர்.

அந்த ஏழாயிரவருள் கிராக்கோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பெற்றோர் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. தன் ஊரின் திசை மட்டும் தெரியும். அந்தக் கடுங்குளிரில் அவன் கிராக்கோவை நோக்கி நடந்தான். ஆஷ்விட்ஸிலிருந்து கிராக்கோவுக்குச் சென்ற அவனது வழியை நினைவில் வைத்திருங்கள்; அதற்கு நாம் மீண்டும் வருவோம்.

முகாமின் கதவு திறந்ததும் துன்பம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கிராக்கோவில் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் யூதர் மீது கலகக் கும்பல் பாய்ந்தது. 1946ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கியெல்சே நகரில் நடந்த படுகொலையில் 42 யூதர் உயிரிழந்தனர். நாஜிகளுக்குத் தப்பியவர் தம் நாட்டினர் கையில் மாண்டனர். அஞ்சிப் பலர் நாட்டை விட்டு நீங்கினர். 1968ஆம் ஆண்டில் பொதுவுடைமை அரசு தூண்டிய யூத எதிர்ப்புப் பிரசாரத்தால் எஞ்சியோருள்ளும் பல்லாயிரவர் வெளியேறினர். உள்ளவர்களிலும் பலர் தம் பிறப்பை மறைத்து, பெயரை மாற்றி, பிள்ளைகளுக்கும் சொல்லாமல் வாழ்ந்தனர். காசிமியெஷின் வீடுகள் பாழடைந்தன. கிராக்கோவின் யூத வரலாறு முற்றுப்பெற்றது என்றே எல்லாரும் எண்ணினர்.

ஆனால் அங்கே ஒரு மாற்றம் மெல்லத் தொடங்கியது. 1988ஆம் ஆண்டில், யூதரல்லாத போலந்து இளைஞர் இருவர் முயன்று கிராக்கோவில் யூதப் பண்பாட்டு விழா ஒன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் நாட்டின் ஆட்சிமுறை மாறியது. மக்கள் வாய் திறந்து பேசலாயினர். மரணப் படுக்கையில் பாட்டி ஒருத்தி தன் பேத்தியை அழைத்து, “நான் யூதப் பெண்” என்று சொல்லிவிட்டுக் கண் மூடுவதுபோன்ற செய்திகள் பல குடும்பங்களில் கேட்கப்பட்டன. இருபது வயதில் தம் வேரைக் கண்டறிந்த இளைஞர்கள், எங்கே போய் யாரிடம் கேட்பது என்று திகைத்தனர்.

2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இளவரசராயிருந்த சார்லஸ் கிராக்கோவுக்கு வந்தார். முதிய யூதரைச் சந்தித்து, அவர்கள் கூடியிருக்கத் தக்க இடம் ஒன்று இல்லாமையை உணர்ந்தார். அவரது தூண்டுதலாலும் யூத அறநிறுவனங்களின் உதவியாலும் எழுந்த யூத சமூக நிலையம் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்தார். முகாமிலிருந்து மீண்ட முதியோர் அங்கே உணவருந்துகின்றனர். வேரைத் தேடும் இளைஞர் அங்கே மொழியும் சமயமும் கற்கின்றனர். குழந்தைகளின் குரல் கேட்கிறது. யூதரல்லாத போலந்து இளைஞர் பலர் அங்கே ஊதியமின்றித் தொண்டு செய்கின்றனர்.

இனி மிதிவண்டிக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் லண்டனிலிருந்து புறப்பட்டு, போர்க்கால நினைவிடங்களைக் கண்டுகொண்டே, 2,000 கிலோமீட்டருக்கு மேல் தனியே மிதித்து ஆஷ்விட்ஸை அடைந்தார். அவர் கிராக்கோவின் யூத சமூகத்தை முன்பே அறிந்தவர். அங்கே உயிர்த்தெழுந்த வாழ்வைக் கண்டவருக்கு, பயணம் ஆஷ்விட்ஸோடு முடிவது குறையாகப் பட்டது. அவ்வாண்டே சிறு குழு ஒன்று ஆஷ்விட்ஸிலிருந்து கிராக்கோவுக்கு மிதித்துச் சென்றது. அதுவே இப்பயணத்தின் தொடக்கம். அடுத்த ஆண்டில், 2015இல், எண்பது வயது முதியவர் ஒருவர் கடல் கடந்து வந்து தம் குடும்பத்தாரோடு அதில் கலந்துகொண்டார். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஆஷ்விட்ஸிலிருந்து கிராக்கோவுக்கு நடந்த அந்தப் பத்து வயதுச் சிறுவன் அவரே.

இப்பயணத்தைப் பற்றி ஓர் ஐயம் எழுவது இயல்பு. பத்து இலட்சம் பேர் மாண்ட இடத்தின் வாயிலில் வண்ணச் சட்டை அணிந்து மிதிவண்டி ஏறுவது தகுமா? அங்கே கண்ணீரும் மௌனமும் அன்றோ பொருத்தம்? இக்கேள்வி மதிக்கத் தக்கது. இறந்தோர்பால் உள்ள பரிவிலிருந்து பிறப்பது. பயணிகளும் அதை உணராதவர் அல்லர். மிதிவண்டி ஏறுவதற்கு முன் அவர்கள் முகாமைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, மாண்டோர்க்கு அஞ்சலி செலுத்துகின்றனர். வண்டி ஓடத் தொடங்குவது வாயிலுக்கு வெளியேதான்.

ஆயினும் இதற்கு ஆழ்ந்த விடை யூதரின் பழைய அற நூலாகிய தால்முட்டில் உண்டு. பிண ஊர்வலமும் மண ஊர்வலமும் ஒரே வழியில் எதிர்ப்பட்டால் எது விலக வேண்டும் என்ற வினாவுக்கு, பிண ஊர்வலமே விலகி மண ஊர்வலத்துக்கு வழிவிட வேண்டும் என்று அது விதிக்கிறது. இறந்தோரை அவமதிப்பதற்காக எழுந்த விதி அன்று இது. இறந்தோரை அடக்கம் செய்வதைப் பேரறமாகப் போற்றுகின்ற மக்களின் விதி. துக்கத்துக்கு உரிய மதிப்பைத் தந்த பின்னும், வாழ்வு தொடர்ந்து செல்ல வழி வேண்டும் என்பதே அதன் கருத்து. கொலைஞர் விரும்பியது என்ன? கிராக்கோவில் யூதர் ஒருவரும் எஞ்சக்கூடாது என்பதே. அங்ஙனமாயின், இறந்தோர்க்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, எஞ்சியோரை மறந்து போவது அக்கொலைஞரின் எண்ணத்தைப் பாதி நிறைவேற்றுவதாகும். நினைவுச் சின்னத்துக்கு மலர் வைக்கும் கை, உயிரோடிருக்கும் முதியவரின் மருந்துச் செலவுக்கும் உதவ வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் இணைத்ததே அவர்கள் செய்த நன்மை.

அவர்கள் செல்லும் பாதையைச் சற்றே மனக்கண்ணால் பாருங்கள். விஸ்துலா ஆறும் ஓஷ்வியென்சிம் பக்கமிருந்து கிராக்கோவை நோக்கியே ஓடுகிறது. வயல்களும் சிற்றூர்களும் கடந்து செல்கின்றன. விரைந்து முதலில் வருபவர்க்குப் பரிசு ஏதும் இல்லை. களைத்தவருக்காக மற்றவர் காத்திருப்பர். பயண நாள் வெள்ளிக்கிழமை. அன்று கதிரவன் மறைந்ததும் யூதரின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். நெறி தவறாதவர் அதன்பின் வண்டி ஏறமாட்டார். ஆகையால் அந்திக்கு முன்னரே ஊர் சேர்கின்றனர். அன்றிரவு பல நூறு பேர் ஒரே பந்தியில் அமர்ந்து ஓய்வுநாள் விருந்து உண்கின்றனர். ஒரு சமூகம் முழுவதும் அழிந்தது என்று எழுதப்பட்ட நகரில், விளக்கேற்றி, ரொட்டியைப் பகிர்ந்து உண்ணும் அந்தப் பந்தி அந்த நாளின் முடிவாக அமைகிறது.

திரட்டிய நிதி எத்தகைய கைகளுக்குச் சென்றது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் உக்ரைன் நாட்டின் மீது போர் மூண்டபோது, இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து போலந்துக்குள் புகுந்தனர். அப்போது கிராக்கோவின் யூத சமூக நிலையம் தன் கதவுகளைத் திறந்தது. வந்தவர் யூதரா அல்லரா என்று கேளாமல் உணவும் உடையும் குழந்தைகளுக்கு வேண்டிய பொருள்களும் வழங்கியது. புகலிடம் கிடைக்காமல் மாண்டோரின் வழித்தோன்றல்கள், புகலிடம் தேடி வந்தோர்க்கு வாயில் காத்து நின்றனர்.

மாணவ நண்பர்களே, வரலாற்றைப் படிக்கும்போது போர்களின் ஆண்டுகளையும் மாண்டோரின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்கிறோம். அவை வேண்டியவையே. அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். இம்மக்கள் இதற்கு முன் எவ்வாறு வாழ்ந்தனர்? எஞ்சியோர் இப்போது எங்கே இருக்கின்றனர்? முதற் கேள்வி இறந்தோர்க்கு அவர்தம் முகத்தை மீட்டுத் தரும். இரண்டாம் கேள்வி நாம் செய்ய வேண்டிய கடமையைக் காட்டும். உலகில் எந்த நாட்டில் எந்த மக்களுக்கு நேர்ந்த அழிவைப் பற்றிப் படித்தாலும், இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வாழ்வோரை நோக்கிச் செல்லும் வழி அங்கே கண்ணுக்குப் புலப்படும்.